மங்குஸ்தானுக்குச் சொன்ன சொல்

கூடத்துப் பாட்டுக்காரி – 9

“கண்ணீர் வரணும், தைலம். ‘சாயாங்’குற இடத்துல குரல் உடையணும். ஒரு சொட்டாவது கண்ணீர் வரணும்.”

மேடைக்குப் பக்கத்தில், படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கவிராயர் எனக்கு இப்படிப் பாடம் நடத்தினார். புது வேட்டி, புது அங்கவஸ்திரம். இனிமேல்தான் விழப்போகிற மாலைக்காகத் தலையைச் சற்றுக் குனிந்தே வைத்திருந்தார். கையில் அன்று அரங்கேற இருந்த அவருடைய புத்தகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலரை மணி இருக்கும். சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டில்களை ஒட்டிப் போட்ட கீற்றுப் பந்தல். பன்னீரும் சந்தனமும் மணத்தன. காற்று திரும்பும்போதெல்லாம் சாணியும் மணத்தது. படுதாவில் இருந்த கிழிசல் வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் வியாபாரிகள், பின்னால் குமாஸ்தாக்கள், மரைக்காயர் கடைக்காரர்கள், பால்காரர்கள். இடது பக்கம் புடவைகளைக் கட்டி மறைத்த இடத்தில் பெண்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் கையில் இருந்த புத்தகத்தைப் பிடுங்கி அவர் தலையிலேயே இரண்டு போடலாமா என்றிருந்தது.

அதில் நாற்பது பாட்டு. நாற்பதும் என்னைப் பற்றி. கடற்கரையில் நான் அவரைக் கண்டு மயங்கி ‘அன்பே’ என்று அழைத்தேனாம். அந்த ஒரு சொல்லில் அவர் கவியாகிவிட்டாராம். நான் அவரை எதுவும் அழைக்கவில்லை. அன்று நான் சொன்ன சொல் ஒரு மங்குஸ்தான் பழத்துக்குச் சொன்னது.

அவர் பெயரைப் போடலாமே என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். போடமாட்டேன். நாற்பது பாட்டில் ஒரு பாட்டில்கூட அவர் என் பெயரைப் போடவில்லை. தைலம்மை என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தலைவலி மருந்து ஞாபகம் வருமாம். அவர் பெயருக்கும் என் பேனாவில் மை இல்லை.

பீச் ரோட்டுக் கூடம்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நாடகக் கம்பெனியோடு கப்பலேறி வந்தபோது எனக்குப் பதினாறு வயது. வந்த இரண்டாம் வருஷம் கம்பெனி முதலாளி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சொந்தபந்தம் இருந்தவர்கள் ஊருக்குக் கப்பலேறினார்கள். எனக்கு அங்கே யாரும் இல்லை, நான் இங்கேயே நின்றுவிட்டேன்.

பீச் ரோட்டில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், குடிக்க வருகிறவர்களுக்காகப் பாட்டுக் கூடம் ஒன்று நடத்தினார். வட்ட மேசைகள், நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மேடை. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஏறுவேன். மலாய்ப் பாட்டு, இந்துஸ்தானிப் பாட்டு, ஒரு வார்த்தைகூடப் புரியாமல் காதால் கேட்டே பாடம் பண்ணிய இங்கிலீஷ் பாட்டு, யாராவது கேட்டால் தமிழ்ப் பாட்டு. கப்பல்காரர்கள் வருவார்கள், தரகர்கள் வருவார்கள். நாலு பேர் கைதட்டினால் ஒருவன் ஆரஞ்சுத் தோலை எறிவான்.

பாடியதற்கு நான் வெட்கப்படவில்லை. இன்றைக்கும் இல்லை. பாடி இறங்கிய பிறகு எந்த மேசையில் போய் உட்கார வேண்டும் என்று தவுக்கே மோவாயால் காட்டுவாரே, அதற்குத்தான் உடம்பு கூசும். அதைவிட மோசம் சுருட்டுப் புகை. இருபத்துமூன்று வயதில் காலையில் பல் தேய்க்கும்போது எச்சிலில் ரத்தம் கண்டது. ஒன்று புகையை விடு, இல்லாவிட்டால் குரலை விடு என்று டிஸ்பென்சரி டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியத்தக்கா கூப்பிட்டு அனுப்பினார். கணவருக்குக் கட்டை வண்டிகள், கறவை மாடுகள், சிராங்கூன் ரோட்டில் சொந்த வீடு. அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கோயில் திருவிழாவில் நான் பாடியதைக் கேட்டிருக்கிறார். அவருடைய இரண்டு பெண்களுக்கும் நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பெண் பார்க்க வரும்போது நாலு பாட்டு உருப்படியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. நான் அங்கேயே தங்கிக்கொள்ளலாம், சாப்பாடும் அங்கேயே.

அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கொட்டிலில் மாடுகள் அசைபோடுவது தெரிந்தது. நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். சாணி நாற்றமும் வைக்கோல் வாசனையும் இருந்தன, புகை இல்லை. தை பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பழம்

கவிராயர் அப்போது கவிராயர் இல்லை. ஆற்றங்கரையில் ஓர் அரிசிக் கிடங்கில் குமாஸ்தா. காரைக்காலிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. கூடத்துக்கு வருவார், குடிக்கமாட்டார். ஒரு லெமனேடை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு மத்தியானங்களில் நான் சாதகம் பண்ணும் நேரம் பார்த்து, தாம் எழுதிய பாட்டுகளைக் கொண்டுவந்து பாடிக்காட்டச் சொல்வார்.

பாட்டு மோசமில்லை. அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். இரண்டைக் கூடத்தில் பாடவும் செய்தேன். அவரிடம் எனக்கு விரோதமும் கிடையாது, வேறெதுவும் கிடையாது.

ஒரு நாள் தேக்கா மார்க்கெட்டிலிருந்து ஒரு கொத்து மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு வந்தார். கூடத்துக்கு எதிரே கடற்சுவரில் உட்கார்ந்தோம். மனிதர் அந்தப் பழத்தை அதற்கு முன் தின்றதில்லை. எப்படித் தின்பது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது? கொய்யாவைக் கடிப்பது போலத் தோலோடு ஒரே கடி.

மங்குஸ்தான் தோலை நாக்கில் வைத்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கசப்பு. முகம் எட்டுக் கோணலாகிவிட்டது. தூ தூவென்று துப்பினார். கடித்ததைத் தெருவில் எறிந்தார். அது பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைச் சுளைகள் மண்ணில் புரண்டன. அதோடு விட்டாரா? அழுகல் பழத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே மிச்சக் கொத்தையும் சுற்றிக் கடல் பக்கம் வீசினார்.

எனக்கு வயிறு எரிந்துவிட்டது. “சாயாங்!” என்றேன்.

இந்த ஊரில் நாலு வருஷம் இருந்த யாருக்கும் இது புரியும். மலாய்க்காரர்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போதும் சாயாங் என்பார்கள். கை தவறி மீன் சாக்கடையில் விழுந்தாலும் சாயாங் என்பார்கள். கொஞ்சும்போது சொல் இழுத்துக் குழையும். மீன் விழுந்தால் முதலில் நாக்கு ஒரு சப்புக்கொட்டும், தலை ஆடும், சொல் பட்டென்று இறங்கும். ‘அடடா, வீணாப் போச்சே’ என்று அர்த்தம். தேக்கா மார்க்கெட்டில் காலையில் ஒரு சுற்றுச் சுற்றினால் இருபது தடவை கேட்கலாம்.

அவர் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னாய் என்று கேட்டார். மலாய்தான் என்று சொல்லிவிட்டு, கொத்து மணலில் விழுந்ததா தண்ணீரில் விழுந்ததா என்று பார்க்க ஓடினேன். அந்த ஓட்டமும் புத்தகத்தில் வந்திருக்கிறது. எட்டாம் பாட்டில் ‘நாணி ஓடினாள்’ என்று எழுதியிருக்கிறார். நான் பழம் பொறுக்க ஓடினேன்.

அவர் கிடங்குக்குப் போய், எடை போடுகிறவரிடம் சாயாங் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். ‘அன்பேன்னு அர்த்தம் லா, யார் சொன்னா உங்ககிட்ட?’ என்று அவர் கண் சிமிட்டியிருக்கிறார். அவ்வளவுதான். ஆறு மாதத்தில் நாற்பது பாட்டு.

புத்தகம் வந்தது

முதல் பாட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். என் வாயில் மண்ணைப் போட்ட பாட்டு மறக்குமா?

*ஓயாத கடலருகே ஒருத்தி நின்றாள்*
*சாயாங்என் றெனைப்பார்த்துச் சொல்லி நின்றாள்*
*தேயாத நிலவன்றோ அவள்தன் சிந்தை*
*தாயாகித் தாரமுமாய் ஆனாள் கண்டீர்*

தாரம் என்றே எழுதிவிட்டார். அதற்கும் ‘கண்டீர்’ என்று ஊரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். யார் கண்டது?

மளிகைக் கடைகளில் புத்தகம் தொங்கியது. டிராமில் போனால் பின்சீட்டில் இருப்பவன் சாயாங் என்று இழுப்பான். கூடத்தில் ஆரஞ்சுத் தோலோடு சேர்ந்து அந்தச் சொல்லும் வந்து விழுந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு வாரத்துக்குள் பாக்கியத்தக்காவிடமிருந்து ஆள் வந்தது. தைக்கு வர வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

கொஞ்ச நாள் போகட்டும் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அன்று காலையிலும் எச்சிலில் ரத்தம் இருந்தது.

எதுகை

நேரே அரிசிக் கிடங்குக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மங்குஸ்தான் சமாசாரத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அறையைப் பற்றியும் சொன்னேன். மனிதர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. நம்பிவிட்டார் என்று தெரிந்தது. அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், மேடையில் ஒரு வார்த்தை திருத்திச் சொல்லிவிடுங்கள், அது போதும் என்றேன்.

புத்தகத்தை எடுத்து முதல் பாட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“சாயாங்கை எடுத்தா எதுகை போயிடும், தைலம்.”

நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. இதே வார்த்தைகள். ஓயா, சாயா, தேயா, தாயா. நாலு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வர வேண்டுமாம். ஒரு பெண் பிள்ளையின் பிழைப்பு போனால் போகட்டும், யா போகக்கூடாது.

நாடகக் கம்பெனியில் இருந்தவள் நான். வாத்தியார் அடி எடுத்துக்கொடுத்தால் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவோம். எனக்கும் எதுகை தெரியும். மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு அங்கேயே சொன்னேன்.

“‘வாயாரப் பழம்போச்சே என்று சொன்னாள்.’ போட்டுக்குங்க. எதுகையும் இருக்கு, சீரும் இருக்கு. நடந்ததும் அதுதான்.”

எடை போடுகிறவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். கவிராயருக்குக் காது சிவந்தது. விரல் விட்டுச் சீரை எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ரசம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம், அரங்கேற்றத்தில் நானே வந்து பாட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அந்தப் பெண் யார் என்று பார்க்கத்தானே கூட்டம் வரும்! அவர் எண்ணம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். பாக்கியத்தக்காவின் கணவர்தான் பந்தல் செலவுக்குப் பெரிய கை. அக்கா கட்டாயம் வருவார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து குவீன்ஸ்டவுனில் என் நாலாம் மாடி வீட்டுக்குக் கடிதங்கள் வருகின்றன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி. ‘ஒரு கவிஞரின் உள்ளத்தில் குடியிருந்தது எப்படிப்பட்ட அனுபவம், அம்மா?’ உள்ளத்தில் குடியிருக்க யார் கேட்டது? நான் கேட்டது பின்கட்டில் ஓர் அறை. ஒருவர் ‘நீங்கள் கொடுத்துவைத்தவர்’ என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

படுதா விலகியது

பாட ஏறினேன். கவிராயர் முகாரியில் பாடச் சொல்லியிருந்தார், முகாரியிலேயே எடுத்தேன். கடவுள் வாழ்த்து, அவையடக்கம் எல்லாம் ஒழுங்காகப் பாடினேன். பந்தல் அமைதியாக இருந்தது. பிறகு ஓயாத கடலருகே வந்தது.

அவர் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. ‘சாயாங்’ வந்ததும் ஆர்மோனியக்காரரைக் கைகாட்டி நிறுத்தினேன். நாக்கைச் சப்புக்கொட்டினேன். கீழே ஏதோ விழுந்து கிடப்பது போலப் பார்த்துத் தலையை ஆட்டினேன். மீன் சாக்கடையில் விழுந்தால் தேக்காவில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டு ‘என் றெனைப்பார்த்துச் சொல்லி நின்றாள்’ என்று முகாரியில் தொடர்ந்தேன்.

பின்னால் ஒரு பால்காரர் குபீரென்று சிரித்தார்.

பாட்டுக்காரி ஓர் அடியைத் திரும்பத் திரும்பப் பாடலாம், யாரும் கேட்க முடியாது. இரண்டாம் தடவை பாடினேன். மரைக்காயர்கள் பக்கம் தோள்கள் குலுங்கின. மூன்றாம் தடவை கையை நீட்டி, மேடையில் உட்கார்ந்திருந்த கவிராயரையே காட்டிச் சாயாங் என்றேன். புடவைத் திரைக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பு அடங்கவே இல்லை. இங்கே பிறந்தவர்கள், பத்து வருஷம் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கப்பலில் புதிதாக வந்தவர்கள்தான் என்னவோ ஏதோவென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கவிராயர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். சபை ஆனந்தப்படுகிறதாம். மாலை போட்டார்கள், வாங்கிக்கொண்டார். நான் மிச்சப் பாட்டையும் பாடி முடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு நேரே பெண்கள் பக்கம் போனேன்.

புடவைத் திரைக்குப் பின்னால்

பாக்கியத்தக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“என்னத்தப் போட்டாரு கீழ? பழமா, மீனா?”

“மங்குஸ்தான்க்கா. ஒரு கொத்து.”

மறுபடி சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரிப்பு அடங்கியதும், புத்தகம் வந்த அன்றைக்கே தமக்குத் தெரியும் என்றார். இங்கே பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா, நடுத்தெருவில் ஒரு பெண் ஒரு புது ஆளைப் பார்த்துச் சாயாங் என்று கொஞ்சுவாளா என்றார். படித்த அன்றைக்கே கணவரிடம் சொல்லிச் சிரித்தாராம்.

கவிராயர் கேட்ட கண்ணீர் அப்போதுதான் வந்தது. அப்படியானால் தை பிறந்ததும் நான் வந்துவிடலாமா என்று கேட்டேன்.

அக்கா தம் பெண்களைப் பார்த்தார். பிறகு என் கையை விட்டார்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாகப்பட்டினத்துக்காரங்க, தைலம். அவங்களுக்கு மலாய் தெரியாது. புத்தகத்தைத்தான் படிப்பாங்க.”

“நீங்க எடுத்துச் சொல்லலாமேக்கா.”

அது ரொம்பத் தொந்தரவு என்றார். சம்பந்தம் பேசும்போது கூடத்தில் பாடுகிற பெண்ணைப் பற்றி எதற்குப் பேச்சை எடுப்பது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சமாதானம் பண்ணுகிற குரலில்தான் சொன்னார்.

“அப்ப புள்ளைங்களுக்கு யாருக்கா சொல்லிக் குடுப்பா?”

முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மேடைப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

“கவிராயர் வர்றேன்னுருக்காரு. தமிழும் தேவாரமும் சொல்லித் தருவாரு. பின்கட்டு ரூம்பு சும்மாதானே கிடக்கு.”

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதியது நானா, அவரா என்று கேட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“ஆம்பிள எழுதுனா அது பாட்டு, தைலம். அவரு படிச்ச மனுஷன்.”

கவிராயருக்கு மலாய் தெரியாது. பழம் தின்னவும் தெரியாது. தெரியாததை மன்னித்துத் தொலைக்கலாம். என் வயிறு இன்றுவரை எரிவது அந்தப் பந்தலில் சிரித்தவர்களை நினைத்துத்தான். அத்தனை பேருக்கும் முன்பே தெரிந்திருந்தது. சிரித்துவிட்டு, சந்தனம் பூசிக்கொண்டு, ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

தை முதல் தேதி காலையில் கவிராயர் தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பின்கட்டு அறைக்குக் குடி போனார். அவருக்குச் சுருதி சேராது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பீச் ரோட்டுக் கூடத்தில் மேடை ஏறினேன். என் குரல் அதற்குப் பிறகு மூன்று வருஷம் தாங்கியது.